ஸ்கல்பின் விழுங்கியது

பியற்றிஸ் மீன் சாப்பிடுவதில்லை. மீனவர் ஊரான பாசையூரில் பிறந்த ஒருவர் மீனைத் தொடாமல் இருப்பது, கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியில் ஊர்க்காரர் கூடும் விருந்துகளில் ஒரு நிரந்தரப் பகிடி. "பகல் முழுக்க மீன்ரை வயித்துக்குள்ளை இருக்கிற மனிசி, பின்னேரம் அதை எப்பிடி வாயிலை வைக்கிறது?" என்று அவருடைய கணவர் சந்திரகுமார் எல்லோருக்கும் விளக்கம் சொல்வார். அது சரியான விளக்கம் இல்லை. சிறுவயதிலிருந்தே பியற்றிஸுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் கேட்டவர்கள் சிரிக்கிறார்கள் என்பதால் அவர் அதைத் திருத்துவதில்லை.

மீனின் வயிற்றுக்குள் இருக்கிறார் என்பது மட்டும் உண்மை. பார்க்கிங்கின் ஆற்றோரத் தொழிற்பேட்டையில், ஒரு டயர்க் கிடங்குக்கும் கேக் பெட்டி செய்யும் ஒரு கம்பனிக்கும் நடுவில், பெயர்ப்பலகைகூடச் சரியாகத் தெரியாத ஓர் ஆய்வுகூடம் இருக்கிறது. உலகத்தின் எந்தக் கடலில் பிடித்த மீனாக இருந்தாலும், அது என்ன சாப்பிட்டது என்று அறிய விரும்புகிறவர்கள் அதன் இரைப்பையை உறையவைத்து இங்கே அனுப்புவார்கள். மீனிடம் கேட்க வழியில்லை. அது சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது, அதுவும் பனிக்கட்டி மூடிய கடலில். வயிற்றைத் திறந்துதான் பார்க்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் உயிரியல் படித்து, மருத்துவத்துக்குப் புள்ளி போதாமல் போனவர்களின் பெரிய கூட்டத்தில் பியற்றிஸும் ஒருவர். கலியாணமாகி லண்டனுக்கு வந்தபின் ஒரு மருந்துக் கிடங்கில் நெடுங்காலம் மாத்திரை அட்டைகளைப் பிரித்து அடுக்கினார். கிடங்கு வேறு ஊருக்கு மாறியபோது ஏஜென்சிக்காரர்கள் அவரை இந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் கேட்டது இரண்டே தகைமைகள்: கை நடுங்கக்கூடாது, நெடுநேரம் உட்கார இயலவேண்டும். சந்திரகுமாருக்கு அஞ்சல் பிரிக்கும் நிலையத்தில் வேலை. "நான் கடிதம் பிரிக்கிறன், இவ குடல் பிரிக்கிறா. வீட்டுக்கு வந்து ரெண்டுபேருமாப் பருப்பிலை கல்லுப் பிரிக்கிறம்" என்பது அவருடைய இன்னொரு பகிடி.

ஆய்வுகூடத்தில் இரண்டு மேசைகள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பது பொறுக்கும் மேசை. வயிற்றில் இருந்தவற்றைக் கழுவி, அரித்து, கூழிலிருந்து முழுதாகவும் துண்டாகவும் கிடைப்பவற்றை இடுக்கியால் எடுத்துச் சின்னக் குப்பிகளில் போடுவது அங்கே வேலை. யன்னலோரம் இருப்பது பெயர் மேசை. குப்பிக்குள் கிடக்கும் கால் எந்த உயிரியின் கால், தாடை எந்தப் புழுவின் தாடை என்று சொல்கிறவர்கள் அங்கே உட்காருவார்கள். பொறுக்குகிறவர் தான் கண்டதற்குப் பெயர் சொல்லக்கூடாது. சொன்னாலும் அது எழுதப்படாது.

பியற்றிஸ் பல வருடங்கள் பொறுக்கும் மேசையில் இருந்தார். இருந்தபடியே படித்தார். மதிய இடைவேளையில் பெயர் மேசையின் தடித்த படப் புத்தகங்களைக் கேட்டு வாங்கி, ஓர் உயிரியின் ஐந்தாம் காலுக்கும் இன்னோர் உயிரியின் ஐந்தாம் காலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடித உறைகளின் பின்பக்கம் வரைந்து பார்ப்பார். பெயர் மேசைக்காரர்களும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். கண்ணுக்குத் தூசியாகத் தெரிந்த ஒன்றுக்கு உருப்பெருக்கியின் கீழே மயிர் வைத்த கால்கள், அந்தக் கால்களில் சீப்பு, சீப்பின் பற்களில் அது கடைசியாக அள்ளிய உணவு என்று ஒன்றுக்குள் ஒன்றாக விரிவதைப் பார்த்த முதல் வாரத்திலேயே அவருக்கு ஒன்று நிச்சயமாகிவிட்டது. யன்னலோரத்து முக்காலிகளில் ஒன்றில் உட்காரவேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் அதற்கு வாய்ப்பு வந்தது. ஆய்வுகூடத்தின் தலைவி ஹெலன் ஒரு தொகுதி வயிறுகளைக் கொடுத்து, பொறுக்குவதையும் பெயரிடுவதையும் பியற்றிஸ் தனியாகவே செய்யவேண்டும் என்றார். முடிந்ததும் தொகுதியைப் பெட்டியில் இட்டு முத்திரை வைப்பார்கள். வெளியாள் ஒருவர் வந்து பத்துக்கு ஒரு குப்பியைத் தன் விருப்பப்படி எடுத்து மறுபடி எண்ணிப் பார்ப்பார். இருவருடைய கணக்கும் ஒத்துப்போய், அறிக்கையும் வெளியே போய்விட்டால் பெயர் மேசையில் ஓர் இடம். ஒரேயொரு கடுமையான விதி இருந்தது: முத்திரை வைத்த பெட்டியை, அந்த வேலையைச் செய்தவரே மறுபடி திறக்கக் கேட்டால், காரணம் எதுவாக இருந்தாலும் தேர்வு தோல்வி. முடிவு தெரிந்தபிறகு எண்ணிக்கையைத் திருத்த யாருக்கும் ஆசை வரக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது.

வயிறுகள் ஆர்க்டிக் கரையோரக் குடா ஒன்றிலிருந்து வந்தவை. அங்கே இரண்டு மீன்கள்தான் விஷயம். ஒன்று துருவக் கொட். ஒரு சாண் நீளம், மெலிந்த உடம்பு, பெரிய கண். பனிக்கட்டியின் அடியில், அதன் வெடிப்புகளில் புகுந்து நீந்தும். அந்தக் கடலின் கடல்நாய்களும் பறவைகளும் இதை நம்பித்தான் இருக்கின்றன. மற்றது ஸ்கல்பின். அது அடித்தளத்தில் கல்லோடு கல்லாகக் கிடக்கும். பாதி உடம்பு தலை, தலையெல்லாம் முள், தலையின் அகலத்துக்கு வாய். குடாவின் கரையில் வாழ்கிறவர்களுக்குக் கொட் குறைந்துவருகிறது என்று கவலை. ஸ்கல்பின் கொட்டின் உணவைப் பறித்துத் தின்கிறது, அதைப் பிடித்துக் குறைக்கவேண்டும் என்று சிலர் சொன்னார்கள். செய்வதற்கு முன், இரண்டும் உண்மையிலேயே ஒரே உணவைத்தான் தின்கின்றனவா என்று பார்க்கும்படி அவர்களே கேட்டிருந்தார்கள். கொட் வயிறுகளைப் பெயர் மேசைக்காரர்கள் முன்பே முடித்திருந்தார்கள். ஸ்கல்பின் பியற்றிஸுக்கு வந்தது.

இரண்டு கணக்குகளையும் ஒன்றாக வைத்து, உணவு எவ்வளவுக்குப் பொதுவாக இருக்கிறது என்று கணிக்கும் பொறுப்பு ஹம்சினியுடையது. கோயம்புத்தூர்ப் பெண். கடலியலில் முனைவர் பட்டம் வாங்கியவள், வால்தம்ஸ்டோவிலிருந்து சைக்கிளில் வருவாள். பியற்றிஸை அக்கா என்பாள்.

"அக்கா, நீங்க கழுவுற கழுவுல அந்த மீனே வெள்ளையாயிடும்" என்று ஒருநாள் சொன்னாள்.

"கழுவாட்டில் என்னெண்டு தெரியும் பிள்ளை, எது கால் எது கூழ் எண்டு?"

பியற்றிஸின் கழுவல் அங்கே பெயர் பெற்றது. உருகிய இரைப்பையை நறுக்கி, உள்ளே இருப்பதை மெல்லிய அரிப்புச் சல்லடையில் கொட்டி, குழாய்த் தண்ணீரை நூல்போல விட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுவார். பிறகு வெள்ளைத் தட்டில் பரப்பினால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடக்கும். கால் உடையாது, கொம்பு ஒடியாது. அரிப்பில் தங்கிய சவ்வையும் கசடையும் ஒரு கழிவுப் போத்தலில் ஊற்றி இலக்கம் ஒட்டி வைப்பார். வேலை முழுதாக முடியும்வரை கழிவையும் எறியக்கூடாது என்பது ஆய்வுகூட வழக்கம்.

ஸ்கல்பின் வயிற்றில் கூனி இறால்போல முதுகு வளைந்த சின்ன ஓட்டுயிரிகள் கிடைத்தன, புழுத் தாடைகள் கிடைத்தன, மீன் சதையும் முள்ளும் காதுக்கற்களும் கிடைத்தன. மீனின் மண்டைக்குள் இருக்கும் காதுக்கல் எளிதில் கரையாது. அதன் வடிவத்தைப் பார்த்து எந்த மீன் என்று சொல்லிவிடலாம். அவற்றோடு நிறையவே கிடைத்தது இன்னொன்று. பெயர் மேசையில் அதற்கு நீளமான இலத்தீன் பெயர். பியற்றிஸ் அதைக் குறுணி என்பார். உடைந்த அரிசி அளவு, இரு பக்கமும் உடம்பைவிட நீண்ட கொம்பு, உடம்பின் நடுவில் கண்ணாடிக் குழாய்போல ஒரு எண்ணெய்ப் பை. ஆர்க்டிக் கடலின் கொழுப்பெல்லாம் அந்தப் பையில்தான் தொடங்குகிறது. குறுணிகளை அவர் ஒன்று விடாமல் எண்ணினார்.

வெளியாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். எடுத்த குப்பிகளில் ஒரு வித்தியாசமும் இல்லை. எண்ணிக்கையும் பெயர்களும் அப்படியே ஒத்துப்போயின. ஹெலன் கைகொடுத்தார். அறிக்கை போனதும் யன்னலோரம் வந்துவிடலாம் என்றார். அன்று சந்திரகுமார் பெட்டி நிறைய மட்டன் றோல்ஸ் வாங்கிவந்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்து, "மனிசிக்கு புறமோஷன். இனி மீனெல்லாம் இவவைக் கேட்டுத்தான் சாப்பிடவேணும்" என்றார்.

அடுத்த வாரம் ஹம்சினியின் கணக்கு முடிந்தது. இரண்டு மீன்களின் உணவு நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு பொதுவாக இருந்தது. அறுபதைத் தாண்டினாலே ஒரே தட்டில் சாப்பிடுகின்றன என்று கொள்வது வழக்கம்.

"நம்பவே முடியலக்கா" என்றாள் ஹம்சினி. "ஒண்ணு பனிக்கட்டிக்கு அடியில மேல நீந்துது. இன்னொண்ணு கீழ கல்லு மாதிரி கெடக்குது. எப்படி ரெண்டும் ஒரே குறுணிய தின்னும்? அவ்ளோ பெரிய வாய வச்சுக்கிட்டு அரிசி பொறுக்குமா?"

"எண்ணிக்கை பிழையோ?"

"இல்லக்கா, அதுதான் பாத்தாச்சே. எண்ணிக்கை பக்காவா இருக்கு. அப்ப கீழ வர்ற குறுணிய அது தின்னுது போல. புதுசா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டோம்னு நெனச்சுக்க வேண்டியதுதான்."

அந்த வாரம் உறைபெட்டியின் அடியில், பனி மூடி ஒட்டிப்போயிருந்த ஒரு பை அகப்பட்டது. அதே குடா, அதே ஸ்கல்பின், ஆனால் பெரியது. தொகுதிக்கு முத்திரை வைத்துவிட்டபடியால் அது கணக்கில் சேராது. இருந்தாலும் அறிக்கையில் போட ஒரு படம் கிடைக்கும் என்று ஹம்சினி அதை உருகவைத்துப் பியற்றிஸிடம் கொடுத்தாள். அன்று பார்த்து வெளியே வீதியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கட்டடத்துக்கே தண்ணீர் இல்லை.

"தண்ணி வரட்டும்" என்றார் பியற்றிஸ்.

"வர்றதுக்குள்ள இது கூழாயிடும்கா. படம்தானே? சும்மா திறந்து பாருங்க."

"கழுவாமலோ?"

"கழுவாமத்தான்."

"அரிசியைக் களையாமல் உலையிலை போடு எண்டுறாய்."

மனமில்லாமல்தான் தொடங்கினார். தட்டில் இரைப்பையை வைத்து, கத்தரிக்கோலின் நுனியால் மேல்பக்கத்தை மட்டும் நீளமாக வெட்டி, இரண்டு பக்கமும் விரித்தார். கழுவாத வயிற்றை உருப்பெருக்கியின் கீழே அவர் அதுவரை பார்த்ததில்லை. சாம்பல்நிறக் கூழாக இருக்கும் என்று நினைத்திருந்தார். உள்ளே ஒரு மீன் படுத்திருந்தது.

தலைப்பக்கம் கரைந்து, மண்டையோட்டின் சில தகடுகளும் அவற்றுக்கு நடுவே இரண்டு வெள்ளைக் காதுக்கற்களும் மட்டும் எஞ்சியிருந்தன. முதுகெலும்பு வளையாமல் இருந்தது. வயிற்றின் சுவர் முழுதாகப் போய்விட்டது. ஆனால் அந்தச் சுவருக்குள் இருந்த இரைப்பை போகவில்லை. விரல்நகத்தின் அகலத்தில், ஈரமான வெங்காயத் தோல்போல மெல்லிய ஒரு பை, வாய் மூடியபடி இருந்தது. அதன் ஊடாக உள்ளே செம்மஞ்சளாக ஏதோ தெரிந்தது. விளக்கைச் சற்றுத் தாழ்த்தியபோது அந்தச் செம்மஞ்சள் புள்ளி புள்ளியாகப் பிரிந்தது.

பியற்றிஸ் ஊசியால் பையின் ஓரத்தை ஒருமுறை மட்டும் கீறினார். கீறல் தானாகவே விரிந்தது. உள்ளே குறுணிகள், ஒன்றன்மேல் ஒன்று, கொம்புகளை உடம்போடு மடித்து அடுக்கப்பட்டிருந்தன. கடைசியாக விழுங்கப்பட்டவை முழுதாக இருந்தன. எண்ணெய்ப் பைகள் ஒளிர்ந்தன. ஒன்றை எடுத்துத் தனியாக வைத்து உருப்பெருக்கத்தைக் கூட்டினார். அதன் உடம்பின் நடுவே மயிரிழை அளவில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. அது குறுணியின் குடல். பச்சை, அது தின்ற பாசி. மாதக்கணக்கான இருட்டுக்குப் பிறகு சூரியன் திரும்பி வந்தபோது பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் முளைத்த பாசி. அந்த வெளிச்சத்தைப் பாசி தின்று, பாசியைக் குறுணி தின்று, குறுணியைக் கொட் தின்று, கொட்டை ஸ்கல்பின் தின்று, எல்லாம் இன்னும் ஒன்றையொன்று விடாமல், ஒன்றின் கையில் ஒன்றாக, பார்க்கிங்கில் ஒரு வெள்ளைத் தட்டில் கிடந்தன.

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"ஹம்சினி. இஞ்சை வா. கெதியா வா."

"என்னக்கா, கைய வெட்டிக்கிட்டீங்களா?"

"ஒண்டையும் தொடாதை. இதிலை இருந்து பார்."

ஹம்சினி முக்காலியில் உட்கார்ந்து கண்ணை வைத்தாள். வெளியே வீதியைத் துளைக்கும் இயந்திரம் நின்று மறுபடி தொடங்கியது.

"கொட்" என்றாள்.

"ஓம்."

"அதுக்குள்ள... அது சாப்பிட்டது."

"ஓம். பச்சையைக் கண்டனியோ?"

"ஆமாக்கா." குரல் இறங்கிவிட்டது. "பத்து வருஷமா இதை நான் அம்புக்குறி போட்டுப் படத்துல வரைஞ்சிருக்கேன். பாசி, குறுணி, சின்ன மீன், பெரிய மீன்னு. அம்புக்குறி எல்லாம் இருக்கற எடத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பியற்றிஸ் சிரிக்கவில்லை. தட்டின் ஓரத்தில் இருந்த அரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இண்டைக்குத் தண்ணி வந்திருந்தா நான் என்ன செய்திருப்பன்?"

"கழுவியிருப்பீங்க."

"கழுவியிருப்பன். இந்தப் பை கிழிஞ்சு கசடோடை போயிருக்கும். குறுணி எல்லாம் தட்டிலை வந்திருக்கும். ஒண்டு விடாமல் எண்ணியிருப்பன். ஸ்கல்பின் சாப்பிட்டது எண்டு எழுதியிருப்பன்." சற்று நிறுத்தினார். "அந்தப் பெட்டி முழுக்க அப்பிடித்தான் எழுதிவைச்சிருக்கிறன்."

ஹம்சினிக்கு அது விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் முக்காலியில் திரும்பி உட்கார்ந்தாள். ஸ்கல்பின் விழுங்கிய கொட்டின் வயிற்றில் இருந்த உணவெல்லாம் ஸ்கல்பினின் உணவாகக் கணக்கில் ஏறியிருக்கிறது. கொட்டின் உணவைக் கொட்டின் உணவோடு ஒப்பிட்டுவிட்டு, இரண்டும் ஒன்றாக இருக்கிறதே என்று அவள் ஆச்சரியப்பட்டிருக்கிறாள். வெளியாள் வந்து சரிபார்த்ததும் கழுவிய குப்பிகளைத்தான். கழுவும்போது எதற்குள் எது இருந்தது என்பது போய்விட்டது. அதைக் கழுவிய பிறகு எத்தனைமுறை எண்ணினாலும் கண்டுபிடிக்க முடியாது.

"பெட்டியைத் திறக்கவேணும்" என்றார் பியற்றிஸ்.

"அக்கா, பொறுங்க. திறந்தா உங்க தேர்வு போச்சு."

"தெரியும்."

"திறக்கவே வேண்டாம். நான் ஒரு அடிக்குறிப்பு போட்டுடறேன். ஸ்கல்பின் வயித்துல இருக்கற குறுணியெல்லாம் கணக்குலேர்ந்து எடுத்துடலாம். நம்பர் கீழ வந்துடும். அறிக்கையும் சரியாயிடும், உங்க மேசையும் உங்களுக்கு."

"எல்லாக் குறுணியையுமோ?"

"ஆமா."

"எல்லாம் கொட்டுக்குள்ளை இருந்து வந்தது எண்டு ஆர் சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லல. பெரும்பாலும் அப்படித்தானே இருக்கும்."

"பெரும்பாலும் எண்டு ஒரு மீன் இருக்கோ?"

ஹம்சினி காமெராவைக் கையில் எடுத்தாள். இரண்டு நாள் யோசியுங்கள் என்று மட்டும் சொன்னாள். படத்தை எடுத்தாள். நன்றாக வந்திருந்தது.

அன்று மாலை சாப்பாட்டின்போது பியற்றிஸ் விஷயத்தைச் சொன்னார். சந்திரகுமார் புட்டைக் குழைப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"அப்ப நீர் பிழை விடேல்லைத்தானே. கழுவச் சொல்லித்தானே அவங்கள் பழக்கினவங்கள்."

"பிழை ஆற்றையாவது இருக்கட்டும். கணக்குப் பிழை."

"அந்தப் பிள்ளைதான் குறிப்புப் போடுறன் எண்டுதே. முத்திரை சரியெண்டா கடிதம் போகும். உள்ளுக்கை என்ன எழுதியிருக்கெண்டு நாங்கள் பாக்கிறதில்லை."

"முத்திரை சரியெண்டா போகும். விலாசம் பிழையெண்டா பிழையான வீட்டைதான் போகும். அங்கை சனம் அந்த ஸ்கல்பினைப் பிடிச்சுக் குறைக்கப் போகுது, கொட்டின்ரை சாப்பாட்டைப் பறிக்குதெண்டு."

சந்திரகுமார் யோசித்தார். "இஞ்சை பாரும். அது சாப்பாட்டைப் பறிக்கேல்லை, கொட்டையே விழுங்குது எண்டு தெரிஞ்சா, அவங்கள் அதிலை இன்னும் கோவப்படமாட்டாங்களே?"

பியற்றிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படட்டும். அது செய்ததுக்குக் கோவப்படட்டும்."

"எத்தினை வருசமா நீர் அந்த யன்னல் கதிரையைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு இருந்தனீர்" என்றார் சந்திரகுமார். இதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

"ஓம்" என்றார் பியற்றிஸ். தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலை, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஹெலனின் அறைக்குப் போய், பெட்டியைத் திறக்கவேண்டும் என்றார். ஹெலன் காரணம் கேட்கவில்லை. விதி என்னவென்று தெரியும்தானே என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றார் பியற்றிஸ். அதற்குப் பிறகுதான் ஹெலன் அந்தப் பெரிய ஸ்கல்பினைப் பார்க்க வந்தார். ஹம்சினி அதை அசைக்காமல் குளிரில் வைத்திருந்தாள். ஹெலன் குனிந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இந்த ஆய்வுகூடம் தொடங்கிய காலத்திலிருந்து முதலில் கழுவித்தான் பழக்கம், அதைப் பழக்கியவர்களில் தானும் ஒருத்தி என்றார். இனி ஒரு வயிற்றையும் பார்க்கமுன் கழுவுவதில்லை என்று அன்றே சுவரில் எழுதி ஒட்டினார். ஆனால் தேர்வு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல காரணத்துக்குத் திறந்தவரையும் கெட்ட காரணத்துக்குத் திறந்தவரையும் அந்த விதி பிரித்துப் பார்த்தால், பிறகு எல்லோரிடமும் நல்ல காரணம் இருக்கும் என்றார். அடுத்த குளிர்காலம் புதிய தொகுதியோடு தொடங்கலாம். பியற்றிஸுக்கு அது நியாயமாகவே பட்டது. நியாயமாகப் பட்டதால் ஏமாற்றம் குறையவில்லை. பொறுக்கும் மேசைக்குப் போய், முக்காலியின் உயரத்தை மறுபடி தன் அளவுக்குத் திருகிக்கொண்டார்.

கழிவுப் போத்தல்கள் அங்கேதான் இருந்தன, இலக்கம் ஒட்டியபடி. அவற்றைத் தட்டில் ஊற்றி, முன்பு வேண்டாம் என்று ஒதுக்கியதை இப்போது தேடினார். முதல் போத்தலிலேயே அது இருந்தது: கிழிந்து சுருண்ட வெங்காயத் தோல் போன்ற சவ்வு, அதன் மடிப்பில் ஒட்டிய ஒரு கொம்பு. அடுத்ததிலும் இருந்தது. ஒரு போத்தலில் மூன்று பைகளின் கிழிசல் இருந்தது. அந்த ஸ்கல்பின் அடுத்தடுத்து மூன்று கொட்களை விழுங்கியிருக்கிறது. அதே இலக்கமிட்ட குப்பியில் காதுக்கல்லும் ஆறு இருந்தது. இத்தனையும் தன் கையால் கழுவி ஊற்றப்பட்டு, இத்தனை நாளும் தன் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றிருக்கின்றன என்பதை நினைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தைவிட அதிகமாக, அடுத்த போத்தலைத் திறக்க அவசரமாக இருந்தது.

திருத்திய இலக்கங்கள் ஒவ்வொன்றாக ஹம்சினிக்குப் போயின. எழுபத்தெட்டு அறுபதுக்குக் கீழே வந்தது, நாற்பதுக்கு வந்தது, பிறகு இருபதையும் தாண்டி இறங்கியது. ஹம்சினி ஒவ்வொரு மதியமும் பொறுக்கும் மேசைக்கு வந்து இலக்கத்தை ஓட்டப்பந்தயம்போல அறிவிப்பாள்.

"பதினேழு, அக்கா! இனி குறுணி பூஜ்யம்தான். நான் அன்னிக்கே சொன்னேன்ல, எல்லாத்தையும் எடுத்துடலாம்னு. நீங்கதான் கேக்கல."

"இன்னும் சின்ன மீன்கள் கிடக்கு. பொறு."

கடைசியில் மிஞ்சியவை சின்ன ஸ்கல்பின்கள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாதவை. குஞ்சுப் பருவத்தை அப்போதுதான் கடந்து, கீழே இறங்கி வந்திருக்கவேண்டும். முதலாவதன் குப்பியில் குறுணிகள் இருந்தன. பியற்றிஸ் அதன் கழிவுப் போத்தலை ஊற்றிச் சவ்வு தேடினார். இல்லை. காதுக்கல் தேடினார். இல்லை. மீன் முள், செதில், ஒன்றும் இல்லை. மறுபடி தேடினார். இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதில் ஒரு கூனி, அதோடு குறுணிகள், வேறெதுவும் இல்லை.

இந்த வாய் ஒரு கொட்டை விழுங்கும் அளவுக்கு இன்னும் வளரவில்லை. இந்தக் குறுணிகளை இதுவே தின்றிருக்கிறது. பனிக்கட்டியின் அடியில், கொட் குஞ்சுகள் தின்னும் அதே இடத்தில், அவற்றுக்குப் பக்கத்திலேயே நீந்தி, அதே செம்மஞ்சள் அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறது. பிறகு தலை பெருத்து, முள் முளைத்து, கீழே இறங்கி, கல்லோடு கல்லாகப் படுத்து, மேலே இருந்து வரும் தன் பழைய பந்திக்காரனுக்காக வாயைத் திறந்துவைத்திருக்கிறது.

பியற்றிஸ் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். இது அவருக்குத் தெரிந்த எந்தப் படத்திலும் இல்லை. இல்லை என்று சொல்லமுடியாது, யாராவது எங்காவது வரைந்திருப்பார்கள். ஆனால் இந்தக் குடாவின் இந்த மீனில் அதை முதலில் கண்டது இந்த மேசை.

"ஹம்சினி."

"என்ன, பூஜ்யமா?"

"இல்லை. வந்து பார். இது தானே சாப்பிட்டது."

ஹம்சினி வந்து பார்த்தாள். கழிவுத் தட்டையும் பார்த்தாள். மூன்று குப்பிகளையும் வரிசையாக வைத்து மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எல்லாத்தையும் எடுத்திருந்தா இதுவும் போயிருக்கும்ல?"

"ஓம்."

"அப்ப இதை எந்தப் பக்கத்துல எழுதறதுக்கா? ஒரே தட்டுல சாப்பிடறவங்கன்னா, இல்ல, ஒண்ணை ஒண்ணு தின்னுறவங்கன்னா?"

"சின்னதைச் சின்னதெண்டு எழுது. பெரிசைப் பெரிசெண்டு எழுது. ரெண்டும் உண்மை" என்றார் பியற்றிஸ். "எழுதீட்டு அந்த நாலாவது போத்தலை இஞ்சாலை தா. தா பிள்ளை, சிரிச்சுக்கொண்டு நிக்காதை."